காற்றும் வளிமண்டலமும்: பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்றைப் பற்றிய பாடம் எளிதானது என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் பரவலாக உள்ளது. அதற்குத் தேவையான பொருள் எங்கும் கிடைக்கிறது. செய்துகாட்ட வேண்டிய சோதனைகளும் பாடநூலிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனைகளில் சில, அவற்றின் கீழ் அச்சிடப்பட்டிருக்கும் முடிவை உண்மையில் நிறுவுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைப் பற்றிக் கற்பிக்கும்போது, சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதில் ஆசிரியருக்குத் தெளிவு இருக்க வேண்டும். கீழே உள்ள விடைகள் அந்தத் தெளிவை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டவை.

எந்த வயதில் எதிலிருந்து தொடங்குவது?

ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காற்று என்பது வீசும்போது மட்டும் இருப்பது. இலை அசைந்தால் காற்று இருக்கிறது, அசையாவிட்டால் இல்லை என்பதே அவர்களுடைய கணக்கு. மூடிய அறையிலும் காலிப் புட்டியிலும்கூட அசையாமல் காற்று இருக்கிறது என்பதை ஏற்க வைப்பதே அந்த வயதுக்குப் போதுமான இலக்கு. எட்டு, ஒன்பது வயதில் காற்று இடத்தை அடைக்கும், அதற்கு எடை உண்டு என்பவற்றைச் சொல்லலாம். காற்றழுத்தம், காற்றின் கலவை, வானிலை ஆகியவை பத்து வயதுக்குப் பிறகும், வளிமண்டல அடுக்குகளும் பசுமை இல்ல விளைவும் அதற்குப் பின்னரும் வருவது நல்லது. சதவீதம் என்ற கணக்கே இன்னும் கைவராத குழந்தை காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 என்று ஒப்பிப்பதில் கெடுதல் ஏதுமில்லை, பயனும் இல்லை.

காலியாகத் தெரியும் டம்ளரில் காற்று இருப்பதை எப்படிக் காட்டுவது?

பழைய முறையே சிறந்த முறை. உலர்ந்த தாளைக் கசக்கிக் கண்ணாடி டம்ளரின் அடியில் இறுக்கமாகப் பொருத்தி, டம்ளரைத் தலைகீழாக, சற்றும் சாய்க்காமல் நீரில் அமிழ்த்த வேண்டும். வெளியே எடுத்துப் பார்த்தால் தாள் நனைந்திருக்காது. குழந்தைகள் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி ஒளி ஊடுருவும் தொட்டியில் இதைச் செய்வது முக்கியம். அப்படிப் பார்க்கும்போது, டம்ளரை ஆழத்துக்குக் கொண்டு செல்லச் செல்ல அதனுள் நீர்மட்டம் சிறிதளவு ஏறுவதைக் கூர்ந்து நோக்கும் குழந்தை ஒன்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆழம் கூடும்போது நீரின் அழுத்தம் கூடுகிறது, உள்ளே அடைபட்ட காற்று சற்றே சுருங்குகிறது என்று சொன்னால், காற்றை அழுத்திச் சுருக்க முடியும் என்ற அடுத்த பாடத்துக்கு அந்தக் குழந்தையே வழி திறந்து விட்டதாகிவிடும்.

இதைத் தொடர்ந்து, நீர் நிரம்பிய இன்னொரு டம்ளரை நீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடித்து, முதல் டம்ளரை அதன் கீழே மெல்லச் சாய்த்தால், குமிழிகள் மேலேறி இரண்டாவது டம்ளரை நிரப்பும். காற்றை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கீழிருந்து மேலாக ஊற்றலாம் என்பதைக் கண்ட குழந்தை, காற்று ஒரு பொருள் என்பதை மீண்டும் ஐயப்படுவதில்லை.

காற்றுத் துகள்களைப் பற்றி எப்போது பேசலாம்?

ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகள் கையில் இருந்தால் பத்து வயதிலேயே பேசலாம். ஒன்றில் காற்றையும் மற்றொன்றில் நீரையும் இழுத்துக்கொண்டு, முனையை விரலால் இறுக அடைத்துத் தண்டை அழுத்தச் சொல்ல வேண்டும். நீர் அசைந்து கொடுக்காது. காற்று பாதியளவுக்குச் சுருங்கி, கையை எடுத்ததும் தண்டைத் திருப்பித் தள்ளும். துகள்களுக்கிடையே பெரும் இடைவெளி இருப்பதால்தான் காற்று சுருங்குகிறது என்ற கருத்தை இங்கே அறிமுகப்படுத்தலாம்.

உடனே அடுத்த கேள்வியையும் ஆசிரியரே கேட்டுவிட வேண்டும்: அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? வகுப்பில் பெரும்பாலோர் “காற்று” என்பார்கள். துகள்கள்தாம் காற்று, அவற்றுக்கிடையே எதுவும் இல்லை என்பது வளர்ந்தவர்களுக்கும் சட்டெனப் பிடிபடாத செய்தி. அதை ஒரே நாளில் ஏற்க வைக்க முயல வேண்டியதில்லை. அழுத்துவதற்கு முன்பும் பின்பும் சிரிஞ்சுக்குள் இருக்கும் துகள்களைப் படமாக வரையச் சொன்னால், யார் துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள், யார் துகள்களையே சிறிதாக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இரண்டும் தவறு, துகள்களின் எண்ணிக்கையும் அளவும் மாறுவதில்லை, அவற்றுக்கிடையேயான இடைவெளி மட்டுமே குறைகிறது.

காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு இரண்டு பலூன்களைத் தொங்கவிடும் சோதனை போதுமா?

குச்சியின் இரு முனைகளிலும் ஊதிய பலூன்களைக் கட்டிச் சமன்செய்து, ஒன்றை உடைத்தால் மற்றொரு பக்கம் தாழும் என்பதே அந்தச் சோதனை. தாழ்வது உண்மைதான். ஆயினும் அந்தத் தாழ்வு பலூனுக்குள் இருக்கும் காற்றின் முழு எடையைக் காட்டவில்லை. ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள பலூனில் சுமார் 6 கிராம் காற்று இருக்கும். அந்தப் பலூன் தன் பருமனுக்குச் சமமான வெளிக்காற்றை விலக்கியிருப்பதால், ஏறத்தாழ அதே அளவு மிதப்பு விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. ரப்பரின் இறுக்கத்தால் உள்காற்று வெளிக்காற்றைவிடச் சற்றே நெருக்கமாக இருப்பதன் காரணமாக எஞ்சும் எடை, கிராமில் ஒரு சிறு பகுதிதான். பலூன் உடையும்போது ஒரு ரப்பர்த் துண்டு பறந்துவிட்டால், அந்த வேறுபாடே சோதனையைக் கெடுத்துவிடும்.

இதைவிட நம்பகமானது கால்பந்து. வடிவம் வந்துவிட்ட, ஆனால் இன்னும் தளர்வாக இருக்கும் பந்தை ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் நிறுத்துவிட்டு, பம்பால் காற்றடித்துக் கெட்டியாக்கிய பின் மீண்டும் நிறுக்க வேண்டும். பந்தின் பருமன் அதிகம் மாறாததால் மிதப்பு விசையும் மாறுவதில்லை. நாம் திணித்த காற்றின் எடை, சுமார் ஐந்து கிராம் வரை, நேரடியாகத் தராசில் ஏறும்.

எண்ணிக்கை பிடித்த வகுப்பாக இருந்தால் அறையையே அளக்கச் சொல்லலாம். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட வகுப்பறையின் பருமன் 144 கன மீட்டர். சாதாரண வெப்பநிலையில் ஒரு கன மீட்டர்க் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அப்படியானால் அந்த அறையில் ஏறத்தாழ 170 கிலோ காற்று இருக்கிறது. விடையைச் சொல்வதற்கு முன் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னால், பெரும்பாலான விடைகள் கிராம் கணக்கில்தான் வரும்.

எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடினால் நீர் ஏறுவது ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதைக் காட்டவில்லையா?

காட்டவில்லை. காற்றைப் பற்றிய பாடங்களில் மிகப் பரவலாக நிலைத்துவிட்ட பிழை இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

தட்டில் நீரூற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, டம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் முழுவதும் செலவாகிவிட்டது, அது விட்டுச் சென்ற இடத்தை நீர் நிரப்பியது என்று விளக்கம் தரப்படுகிறது. நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால் விளக்கம் மேலும் உறுதிப்பட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் மூடிய பாத்திரத்தில் மெழுகுவர்த்தி அணையும்போது காற்றில் சுமார் 16 சதவீத ஆக்சிஜன் இன்னும் எஞ்சியிருக்கிறது. அந்த அளவில் சுடர் தொடர்ந்து எரிய இயலாது என்பதால்தான் அணைகிறது. செலவான ஆக்சிஜனும் தடமில்லாமல் மறைவதில்லை. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜனுக்குச் சுமார் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது உடனடியாக நீரில் கரைந்துவிடுவதும் இல்லை.

நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். சுடரின் மேல் டம்ளரைக் கொண்டுவரும்போதே அதனுள் இருக்கும் காற்று சூடாகி விரிந்துவிடுகிறது. டம்ளரின் விளிம்பு நீரைத் தொடும் நேரத்தில் கூர்ந்து பார்த்தால் சில குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால், சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே நீர் சீராக ஏறியிருக்க வேண்டும். உண்மையிலோ, பெரும்பாலான ஏற்றம் சுடர் அணைந்த பிறகுதான் நிகழ்கிறது.

இதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கும்படி செய்யலாம். ஒரு மெழுகுவர்த்தியோடு ஒருமுறையும், அதே டம்ளரில் மூன்று மெழுகுவர்த்திகளோடு மறுமுறையும் செய்து, நீர் ஏறிய உயரத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒன்றே. ஆனால் மூன்று சுடர்கள் இருக்கும்போது நீர் தெளிவாகவே அதிகம் ஏறும். பாடநூல் விளக்கத்தோடு ஒத்துப்போகாத ஒரு முடிவைத் தாங்களே பெற்ற மாணவர்கள், அதன் பிறகு நடத்தும் விவாதம் எந்த விரிவுரையையும்விட மேலானது. சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் தலைப்பை மாற்றினால் போதும்.

அப்படியானால் ஆக்சிஜனின் அளவைக் காட்ட வேறு வழி உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். மெல்லிய இரும்பு நாரைச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்து, உதறி, சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயை நீரில் கவிழ்த்து நிறுத்த வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனோடு இணைந்து திண்மமாகிறது. இடத்தை அடைக்கும் வாயு எதையும் வெளிவிடுவதில்லை. ஓரிரு நாட்களில் நீர்மட்டம் குழாயின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். இங்கே சுடரும் இல்லை, சூடும் இல்லை என்பதால் விளக்கத்தில் ஓட்டை இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் அறையின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நேரத்தில் அளந்தால் போதும்.

காற்றின் கலவையில் எந்த எண்களைச் சொல்ல வேண்டும்?

உலர்ந்த காற்றின் பருமனில் நைட்ரஜன் 78.08 சதவீதம், ஆக்சிஜன் 20.95 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம். எஞ்சியதில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்கில் 420க்கும் சற்று மேல், அதாவது சுமார் 0.04 சதவீதம். நீராவியின் அளவு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். ஏறத்தாழ சுழியத்திலிருந்து 4 சதவீதம் வரை இருக்கலாம். பாடநூல் வட்டப்படங்களில் இது இடம்பெறாததற்குக் காரணம் அவை உலர்ந்த காற்றைப் பற்றிப் பேசுவதுதான். இதைச் சொல்லாமல் விட்டால், மழையைப் பற்றிய பாடம் வரும்போது, நீராவி எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் குழம்புவார்கள்.

கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக ஆர்கான் நம்மைச் சூழ்ந்திருந்தும், 1894 வரை அதை யாரும் அறிந்திருக்கவில்லை என்ற செய்தி வகுப்பில் நன்றாக எடுபடும். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட அரை சதவீத அளவுக்குக் கனமாக இருப்பதை ரேலி பிரபு கவனித்தார். அந்தச் சிறு வேறுபாட்டை அளவுப் பிழை என்று ஒதுக்காமல் அவரும் வில்லியம் ராம்சேயும் தொடர்ந்து ஆராய்ந்ததில் ஆர்கான் வெளிப்பட்டது. 1904இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. அளவெடுப்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

காற்றழுத்தம் இவ்வளவு பெரிது என்றால் நாம் ஏன் நசுங்குவதில்லை?

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அரை சதுர மீட்டர் பரப்புள்ள மேசையின் மேல் சுமார் ஐந்து டன் அழுத்துகிறது. மேசை உடையாததற்குக் காரணம் அதன் அடிப்பக்கத்திலும் காற்று அதே அளவு மேல்நோக்கி அழுத்துவதுதான். அழுத்தம் என்றாலே மேலிருந்து கீழே என்று குழந்தைகள் எண்ணிக்கொள்வதே இந்தக் கேள்வியின் வேர். நீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்க்கும் சோதனையில், கவிழ்த்த டம்ளரைப் பக்கவாட்டிலும் மெல்லத் திருப்பிக் காட்டினால் காற்று எல்லாத் திசைகளிலும் அழுத்துவது புரியும். நம் உடலைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் திரவங்களும் வாயுக்களும் அதே அழுத்தத்தில் வெளிநோக்கி அழுத்துகின்றன.

உறிஞ்சு குழலில் பானம் ஏறுவதையும் இங்கேயே பேசலாம். நாம் பானத்தை இழுப்பதில்லை. வாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், வெளிக்காற்று பானத்தைக் குழலுக்குள் தள்ளுகிறது. ஒரு குழலை நீருக்குள்ளும் மற்றொன்றை டம்ளருக்கு வெளியிலும் வைத்து, இரண்டையும் ஒன்றாக வாயில் பிடித்து உறிஞ்சச் சொன்னால், எவ்வளவு முயன்றாலும் நீர் வராது. வெளியே உள்ள குழல் வழியாக வாய்க்குள் காற்று வந்து, அழுத்த வேறுபாட்டை இல்லாமல் செய்துவிடுகிறது.

1643இல் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லியின் சோதனையில், பாதரசம் நிரப்பிப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்த குழாயில் அது சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. காற்றாலான கடலின் அடியில் நாம் வாழ்கிறோம் என்று அடுத்த ஆண்டு அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். அப்படியானால் மேலே ஏறினால் அழுத்தம் குறைய வேண்டும் அல்லவா? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளை ஏற்று, அவருடைய மைத்துனர் பெரியே 1648இல் பிரான்சின் புய்-த-டோம் மலையில் ஏறிப் பார்த்தார். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கும் சற்று அதிகமாகவே இறங்கியிருந்தது. குழாயை மலையடிவாரத்திலும் ஒருவர் நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருந்தார், அங்கே மட்டம் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்பதற்கு அழகான எடுத்துக்காட்டு அது.

உயரமான மலைகளில் ஆக்சிஜன் சதவீதம் குறைவா?

சதவீதம் குறைவதில்லை. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆனால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. “மலையில் ஆக்சிஜன் குறைவு” என்ற தொடரை விடைத்தாளில் எழுதும் மாணவரிடம், சதவீதமா, அளவா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வளிமண்டல அடுக்குகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயன் உண்டா?

பெயர்களை மட்டும் ஒப்பிப்பதில் பயன் குறைவு. எதை வைத்து அடுக்குகள் பிரிக்கப்பட்டன என்பதைச் சொன்னால் பெயர்கள் தாமே நிற்கும். உயரே போகப் போக வெப்பநிலை குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் அளவுகோல். கீழடுக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. துருவப் பகுதியில் சுமார் 8 கி.மீ. வரையும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 முதல் 18 கி.மீ. வரையும் அது நீள்கிறது. மேகமும் மழையும் ஏறத்தாழ முழுவதும் இதற்குள்தான். அதற்கு மேலுள்ள மீள் அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால் வெப்பநிலை மீண்டும் கூடுகிறது. சுமார் 50 கி.மீ.க்கு மேல் இடையடுக்கில் குறைந்து, 85 கி.மீ. அளவில் உறையும் நிலைக்குக் கீழே 90 டிகிரி வரை போகிறது. அதற்கு மேல் வெப்ப அடுக்கு, பின் வெளியடுக்கு. வெப்ப அடுக்கில் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டினாலும் துகள்கள் மிக அரிதாக இருப்பதால் அங்கே கையை நீட்டினால் சுடாது என்று சொன்னால், வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்ற பாடத்தையும் சேர்த்து நடத்திவிடலாம்.

பாடநூல் படங்களின் பெருங்குறை அளவுவிகிதம். படத்தில் வளிமண்டலம் பூமியின் பாதித் தடிப்புக்கு வரையப்பட்டிருக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையை எடுத்துக்கொண்டால், விண்வெளியின் தொடக்கம் என்று வழக்கமாகக் கொள்ளப்படும் 100 கி.மீ. உயரம் அதன் மேல் 2.4 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வரும். வளிமண்டலத்தின் மொத்த எடையில் பாதி, தரையிலிருந்து சுமார் 5.5 கி.மீ.க்குள் இருக்கிறது; உருண்டையின் மேல் அது மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தக் கணக்கை மாணவர்களே போட வேண்டும். வளிமண்டலத்துக்குக் கூர்மையான மேல் எல்லை இல்லை என்பதையும் குறிப்பிடலாம்: சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம்கூட மிச்சமிருக்கும் மெல்லிய காற்றின் உராய்வால் மெல்லத் தாழ்கிறது. அவ்வப்போது அதை மேலே தள்ள வேண்டியிருக்கிறது.

சூடான காற்று ஏன் மேலே போகிறது?

அது தானாக மேலே போவதில்லை. அருகிலுள்ள குளிர்ந்த, அடர்த்தி மிகுந்த காற்று கீழே வந்து அதை மேலே தள்ளுகிறது. புட்டியின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்தால் பலூன் நிமிரும். இதைப் பார்த்துவிட்டுச் சூடான காற்று மேலேறியது என்று குழந்தைகள் சொல்வார்கள். அதே புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, மேலே வந்துவிட்ட அடிப்பாகத்தின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாலும் பலூன் உப்பும். காற்று எல்லாத் திசைகளிலும் விரிகிறது என்பதே இந்தச் சோதனையின் முடிவு.

மேகம் என்பது நீராவியா?

இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. மேகத்தில் இருப்பவை நுண்ணிய நீர்த்துளிகளோ பனிப்படிகங்களோ ஆகும். கொதிக்கும் கெண்டியின் மூக்கு நுனியை ஒட்டி, எதுவுமே இல்லாதது போன்ற ஒரு சிறு இடைவெளி தெரியும். அங்கே இருப்பதுதான் நீராவி. அதைத் தாண்டி வெண்மையாகத் தெரிவது குளிர்ந்து துளிகளாக மாறிவிட்ட நீர். ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது என்பது மேல்வகுப்பினருக்கு வியப்பாக இருக்கும்: நீர் மூலக்கூறின் நிறை 18, நைட்ரஜனுடையது 28, ஆக்சிஜனுடையது 32.

நாம் வெளிவிடுவது கார்பன் டை ஆக்சைடு, இரவில் மரங்கள் வெளிவிடுவதும் அதுவே என்று கற்பிப்பது சரியா?

பாதி சரி. வெளிமூச்சில் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம்தான், பெரும்பகுதி நைட்ரஜன். தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்குவது, உள்மூச்சைவிட வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்பதைத்தான் காட்டுகிறது. தாவரங்கள் பகலிலும் இரவிலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளிச்சேர்க்கை அதை விஞ்சிவிடுகிறது. இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சுத் திணறும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. திறந்த வெளியில் மரம் வெளிவிடும் அளவு மிகச் சிறிது.

மரத்தின் உடல் எதனால் ஆனது என்ற கேள்வியையும் இங்கே கேட்கலாம். மண்ணிலிருந்து என்று பலர் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரத்தைத் தொட்டியில் ஐந்து ஆண்டுகள் வளர்த்தபோது, மரத்தின் எடை 70 கிலோவுக்கும் மேல் கூடியது. மண்ணின் எடை சில பத்துக் கிராம் மட்டுமே குறைந்தது. எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். மரக்கட்டையின் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

ஓசோன் துளையையும் புவி வெப்பமயமாதலையும் மாணவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது?

இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாமல் இருப்பது முதல் வழி. ஓசோன் சூரியனிலிருந்து உள்ளே வரும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. பசுமை இல்ல வாயுக்கள் பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுகின்றன. வரும் கதிர், போகும் கதிர் என்ற வேறுபாடு பதிந்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். வானத்தில் உள்ள ஓசோன் அனைத்தையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 3 மில்லிமீட்டர்ப் படலமே தேறும். அண்டார்டிகாவின் மேல் அது மெலிந்துவருவது 1985இல் வெளியிடப்பட்டது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாகி, காரணமான குளோரோபுளோரோகார்பன்கள் படிப்படியாக விலக்கப்பட்டன.

பசுமை இல்ல விளைவு தீங்கானது என்று தொடங்குவதும் பிழை. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக உறைநிலைக்குக் கீழ் 18 டிகிரியாக இருந்திருக்கும். சிக்கல் அது மிகுவதில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாயின் மௌனா லோவாவில் தொடர் அளவீடு தொடங்கிய 1958இல் 315 ஆக இருந்து, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இரண்டு புட்டிகளில் ஒன்றில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி விளக்கொளியில் வைத்துக் காட்டும் சோதனையைத் தவிர்ப்பதே நல்லது. அந்தச் சிறிய இடத்தில் வெப்பநிலை வேறுபாடு பெரும்பாலும், கனமான வாயு காற்றோட்டத்தைத் தடுப்பதால் வருகிறது. முடிவு சரியாகத் தோன்றும், காரணம் வேறு. இதற்கு எண்களின் வரைபடமே தக்கது.

கடலின் நிறம் எதிரொளிப்பதால் வானம் நீலமா?

இல்லை. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை மிக அதிகமாகச் சிதறடிக்கின்றன. கடலே இல்லாத பெருநிலத்தின் நடுவிலும் வானம் நீலம்தான்.

காற்று மாசை வகுப்பில் அளந்து காட்ட முடியுமா?

வெள்ளை அட்டைகளில் வாசலைன் தடவிச் சாலையோரத்திலும் மரநிழலிலும் தொங்கவிட்டு, சில நாட்கள் கழித்து உருப்பெருக்கியால் துகள்களை எண்ணுவது பயனுள்ள வேலை. ஆனால் அட்டையில் ஒட்டுவது பெரும்பாலும் பெரிய தூசி. உடலுக்கு அதிகம் கேடு செய்யும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ விட்டம் கொண்ட நுண்துகள். தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர். சாதாரண உருப்பெருக்கியில் அது தெரியாது. அட்டை சுத்தமாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதபடி இதைச் சொல்லிவிட வேண்டும். பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் அளவீடுகள் கிடைத்தால், அட்டையின் எண்ணிக்கையோடு அவற்றையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம்.

எவற்றில் எச்சரிக்கை தேவை?

பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டுவதும் மூச்சை அடக்கும் போட்டியும் எந்தச் சாக்கிலும் கூடாது. சுண்ணாம்பு நீரில் ஊதலாமே தவிர உறிஞ்சக் கூடாது. கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. நீராவி நிரம்பிய தகர டப்பாவைக் குளிர்ந்த நீரில் கவிழ்த்து நசுங்கச் செய்யும் சோதனையை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். ரப்பர் பலூனுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடம் புரிந்ததா என்பதை எப்படிச் சோதிப்பது?

சதவீதங்களைக் கேட்கும் வினாக்கள் நினைவை மட்டும் சோதிக்கின்றன. அதற்குப் பதிலாக, செய்துகாட்டாத ஒரு நிகழ்வைக் கொடுத்து விளக்கச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, வெந்நீரால் அலசிய பிளாஸ்டிக் புட்டியை உடனே மூடி வைத்தால் சற்று நேரத்தில் அது ஏன் உள்ளொடுங்குகிறது என்று கேட்கலாம். “வெற்றிடம் உள்ளே இழுத்தது” என்று எழுதியவருக்கு அழுத்தம் பற்றிய பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். “உள்ளே இருந்த காற்று குளிர்ந்ததால் அழுத்தம் குறைந்தது, வெளிக்காற்று தள்ளியது” என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் தரலாம். நீராவி துளியானதையும் யாரேனும் சேர்த்து எழுதியிருந்தால், அந்த விடையை எழுதியவரையே வகுப்புக்கு விளக்கச் சொல்லலாம்.